கிருமி விடாத குழாயும் உருகியது குறித்து

அனுப்புநர்:
ஒ. ரோஜா (வயது 17),
த/பெ ஒச்சப்பன், ஐஸ் வண்டி ஓட்டுநர்,
மட்டாஞ்சேரி, கொச்சி.

பெறுநர்:
உணவுப் பாதுகாப்பு அதிகாரி அவர்கள்,
எர்ணாகுளம்.

பொருள்: சமையல்காரர் பிச்சைமணியின் கையில் எடுத்த கிருமியை மே 17க்குள் மறுசோதனை செய்யவும், முதல் சோதனையைக் கெடுத்த என்னை விசாரிக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மா,

1. ஏப்ரல் 24 அன்று பள்ளுருத்தியில் நடந்த நிச்சயதார்த்த விருந்தில் முப்பத்தொரு பேருக்கு வாந்தி கண்டதும், ஆறு வயதுக் குழந்தை ஒன்று இறந்ததும் தாங்கள் அறிந்ததே. சமைத்த நால்வரில் எங்கள் பக்கத்து வீட்டு பிச்சைமணி மாமாவும் ஒருவர். சாப்பாட்டில் இருந்த கிருமிதான் அவர் கையிலும் இருந்தது என்று ஒரு தனியார் ஆய்வகம் மே 3 அன்று அறிக்கை கொடுத்தது. இரண்டு கிருமிகளும் ஜெலட்டினைக் கரைக்கின்றன என்பதே அதில் சொன்ன முக்கியக் காரணம். அந்தக் காரணத்தை உண்டாக்கியவள் நான்.

2. ஜெலட்டின் ஊற்றிய குழாய்களில் கிருமியை விட்டு வளர்ப்பார்கள். சில கிருமிகள் ஜெலட்டினைத் தின்றுவிடும். பிறகு எவ்வளவு குளிர வைத்தாலும் அது உறையாது. ஆனால் கொச்சியின் மே மாத வெயிலில் ஜெலட்டின் தானாகவே உருகிவிடும். அதனால் குழாய்களை அரைமணி நேரம் ஐஸில் வைத்து, பிறகே சாய்த்துப் பார்ப்பது அங்கே வழக்கம். கூடவே கிருமி விடாத குழாய் ஒன்றையும் வைப்பார்கள். அது உறைந்திருந்தால்தான் மற்றவற்றைப் பார்த்துச் சொல்வதில் அர்த்தம். இதை எனக்குச் சொல்லித்தந்ததே அங்கு வேலை செய்யும் அஞ்சனா சேச்சிதான்.

3. பள்ளி விடுமுறையில் அந்த ஆய்வகத்துக்கு ஐஸ் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. மே 2 அன்று பாதி வழியிலேயே அந்த ஐஸை விளையாட்டுக்காக என் கூட்டுக்காரன் (நண்பன்) விக்கியின் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருந்த அவனுடைய புது ஷூவுக்குள் கொட்டிவிட்டேன். பெட்டியில் தெர்மோகோல் துண்டுகளை அடைத்து, மேலே ஒரு விரல் கனத்துக்கு மட்டும் ஐஸ் பரப்பினேன். “என்னடி, இன்னைக்குப் பெட்டி கனமே இல்ல?” என்று சேச்சி கேட்டார். “டயட்ல இருக்கு சேச்சி” என்றேன். சிரித்துக்கொண்டே குழாய்களை உள்ளே வைத்தார். அன்று அவருக்கு மூன்று பேர் வேலை.

4. அரைமணி கழித்து எல்லாக் குழாயிலும் ஜெலட்டின் தண்ணீராக ஓடியது. கிருமி விடாத குழாயிலும் ஓடியது. அவசரத்தில் சேச்சி அதைச் சாய்த்துப் பார்க்கவில்லை. அவர் அப்பால் போனதும் நான் சாய்த்து, “ஜெல்லிக்கு ஜலதோஷம், மூக்கு ஒழுகுது” என்று எழுதி வீடியோ போட்டேன். இருநூறு பேர் சிரித்தார்கள். அந்த வீடியோவை இத்துடன் இணைத்துள்ளேன்.

5. குழந்தையின் அப்பா பிச்சைமணி மாமாவின் வாசலுக்கு வந்து, அந்தக் கையைக் காட்டச் சொன்னார். மாமா இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார். அன்றிலிருந்து ப்ளீச்சிங் பவுடரில்தான் கை கழுவுகிறார். தோல் உரிந்து சிவந்து கிடக்கிறது. அந்தக் கையால் சோறு தொடுவதில்லை. அவர் மனைவி மூக்கம்மாள் அத்தை ஊட்டிவிட்டால் சாப்பிடுகிறார். “எங்கிட்ட இருந்துதான் போயிருக்கும்” என்று அவரே சொல்லத் தொடங்கிவிட்டார்.

6. அவர் கை சுத்தம் என்று நான் சொல்ல வரவில்லை. அது எனக்குத் தெரியாது. அந்த அறிக்கைக்கும் தெரியாது. ஆய்வகம் அந்தக் கிருமியை மே 17 வரைதான் வைத்திருக்கும், பிறகு அழித்துவிடும். அதற்குள் அதை வாங்கி, வேறு ஆய்வகத்தில், கிருமி விடாத குழாயை முதலில் சாய்த்துப் பார்த்துச் சோதிக்க உத்தரவிடும்படி கெஞ்சிக் கேட்கிறேன். முடிவு எதுவானாலும் அது உண்மையானதாக இருக்கட்டும். சேச்சியின் வேலைக்கு ஆபத்து வந்தால், ஐஸ் விஷயத்தில் அவரை ஏமாற்றியவள் நான் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

7. எனக்கு மலையாளம்தான் ஒழுங்காக எழுத வரும். மாமா வாசிக்க வேண்டும் என்பதற்காகத் தமிழில் எழுதினேன். மேலே உள்ளவரை எழுதி நேற்று அவரிடம் கொடுத்தேன். என்னைத் திட்டவில்லை. கடைசி வரை வாசித்துவிட்டு, “குழந்தை பேரை எங்கயுமே எழுதலையேம்மா” என்றார்.

குழந்தையின் பெயர் ஸுப்ரியா.

நாள்: 13.05.2025
இடம்: மட்டாஞ்சேரி

எப்போது அழைத்தாலும் வரக் காத்திருக்கும்,
ஒ. ரோஜா