கணப்பைச் சுற்றிய இடைவெளி

ஜனவரி 9

வினிபெக்கில் இன்று பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்திரண்டு டிகிரி. என் கணவன் ஒரெஸ்டின் ஆஸ்பத்திரிக் கட்டிலைக் கூடத்தில் போட்டு ஆறு நாளாகிறது. பக்கவாதம் வந்தவனை மாடிக்குத் தூக்கிப்போக என்னால் ஆகாது. கேஸ் கணப்புக்கு நேர் எதிரேதான் கிடக்கிறான். கணப்பும் எரிகிறது. ஆனாலும், "குளிருது, ஸ்டெஃபா" என்கிறான்.

ஜனவரி 11

மெழுகுவத்தியை ஏற்றிக் கணப்பின் ஓரமாகப் பிடித்தேன். இரும்புச் சட்டம் செங்கல்லோடு சேருமிடத்தில் சுடர் படுத்தே விட்டது. இருபது வருஷமாக இதைத்தானே சொன்னேன்! பழைய விறகுக் கணப்புக்குள் இந்த கேஸ் பெட்டியைப் பொருத்தியதே அவன்தான். தொழிலே அதுதான் அவனுக்கு. காத்து வருது என்றால், "உனக்கு ஜூலைலயும் குளிரும்" என்பான். விருந்தாளிகள் முன்னாலும்.

ஜனவரி 12

மூன்று மெக்கானிக்குகளுக்கு போன் செய்தேன். மூவரும் பிப்ரவரி என்கிறார்கள்.

ஜனவரி 14

கேஸை மூடி, ஆறவிட்டு, நானே சட்டத்தைக் கழற்றினேன். உள்ளே — ஒன்றுமில்லை. பெட்டியைச் சுற்றிக் கை நுழையும் இடைவெளி. மேலே புகைபோக்கி நெடுக வெறும் பொந்து. குளிரை அடைக்கிற கம்பளி ஒரு பிடிகூட வைக்கவில்லை.

கத்திவிட்டேன். "ஊரார் வீட்டுக்கெல்லாம் அடைச்சியே, நம்ம வீட்டுக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

அவன் வாய் ஒரு பக்கம் கோணியது. "அன்னிக்கு... ஹாக்கி மேட்ச். அப்புறம் பாத்துக்கலாம்னு..."

எழுந்து உட்காரக்கூட முடியாதவனைத் திட்டினேனே, நான் என்ன மனுஷி?

ஜனவரி 15

தீப்பிடிக்காத கல் கம்பளி நாலு கட்டு வாங்கிவந்து திணித்தேன். முழங்கை வரை கரி. படுத்தபடியே மேற்பார்வை வேறு.

"குழாய நசுக்காத. கீழ இருக்கற காத்துத் துளைய மட்டும் அடைச்சிடாத கிழவி, ரெண்டு பேரும் போய்ச் சேந்துருவோம்."

"வாய மூடு, மேஸ்திரி."

இப்படிப் பேசிக்கொண்டு எத்தனை நாளாயிற்று! விளிம்பெல்லாம் சூடு தாங்கும் பசை வைத்து, சட்டத்தைத் திருகி முடித்தேன்.

ஜனவரி 16

மெழுகுவத்திச் சுடர் நிமிர்ந்து நிற்கிறது. தரையில்கூடச் சில்லிப்பு இல்லை.

"எப்படி இருக்கு?"

"குளிருது."

ஜனவரி 19

குளிருது. குளிருது. குளிருது. கணப்பை முழுக்க ஏற்றிவிட்டேன். எனக்கு வியர்த்துக் கொட்டுகிறது.

வீட்டுக்கு வரும் நர்ஸ் மேரிவிக் அவன் பாதங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள். "வீட்டுல குறையில்ல, ஆன்ட்டி. இதயம் தளந்துபோச்சு. ரத்தம் கால்வரைக்கும் போக மாட்டேங்குது."

எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். மாதக் கணக்கில் சொல்லவில்லை.

இனி எதைக் கொண்டு எதை அடைப்பேன்?

ஜனவரி 23

பீட்ரூட் சூப் இரண்டு கரண்டி. அதுவும் இறங்கவில்லை.

ஜனவரி 27

மத்தியானம் கண்ணைத் திறந்து, "உனக்குக் குளிருதா?" என்று கேட்டான். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

"இல்ல" என்றேன்.

"நல்லதாப் போச்சு."

பிப்ரவரி 8

காலிக் கட்டிலை எடுத்துப்போக இரண்டு பேர் வந்தார்கள். அதைப் பிரிக்கும்போதே ஒருவர் கோட்டைக் கழற்றிவிட்டு, "வீடு கதகதன்னு இருக்கே" என்றார்.

"எங்க வீட்டுக்காரர் செஞ்ச வேலை" என்று சொல்லிவிட்டேன்.