கொப்பியில் ஏழு சிரிப்பு

யூலை 6, ஞாயிறு

சனூஸாவின் முகக் கொப்பியை நாளைக்குப் பள்ளியில் காட்ட வேண்டும். எனக்கு மூத்தவள் ராத்தா குவைத்துக்கு வேலைக்குப் போனதிலிருந்து அவளுடைய மகளின் பள்ளிக் காரியமெல்லாம் என் தலையில். ரெண்டாம் வகுப்பு றீற்றா ரீச்சரின் கண்டுபிடிப்பு இந்தக் கொப்பி. தினமும் பிள்ளையிடம் மனசு எப்படி என்று கேட்டு, அவளையே ஒரு முகம் கீற வைக்க வேண்டுமாம். நான் ஒரு நாளும் கேட்கவில்லை. ஏழு வட்டம், ஏழு சிரிப்பு, மூன்று நிமிடம். ரெண்டை நீலப் பேனையால் கீறினேன், உண்மை மாதிரி இருக்கட்டும். ஓ.எல் சோதனையோடு பள்ளிக்கு சலாம் போட்டாலும் கள்ளப் புத்தி மறக்கவில்லை.

யூலை 7, திங்கள்

மாட்டினேன். ரீச்சர் கூப்பிட்டு அனுப்பினார்.

"புதன்கிழமை சனூஸா வகுப்பில றுவைஸின்ர கையைக் கடிச்சிட்டா. வெள்ளிக்கிழமை திரும்பவும். இதில ஏழு நாளும் சிரிப்பு. கடிச்சிட்டு வந்து சிரிச்சவவா, ஹுஸ்னியா?"

"நான்தான் கீறினனான் ரீச்சர். ஒரே இருப்பில."

"தெரியும். ஏழு முகத்துக்கும் ஒரே மூக்கு."

சிரித்துவிட்டார். அடுத்துச் சொன்னதில் சிரிப்பில்லை. றுவைஸின் வாப்பா அதிபரிடம் போயிருக்கிறாராம். இன்னொரு தரம் கடித்தால் சனூஸாவை வேறு வகுப்புக்கு மாற்றுவார்கள். பள்ளியில் அவள் வாய் திறப்பதே றீற்றா ரீச்சரிடம் மட்டும்தான்.

யூலை 8, செவ்வாய்

"மனசு எப்பிடி?"

"நல்லம்."

"பொய் சொல்லாத."

"அப்ப நீங்க கீறினது?"

ஏழு வயது. பேனையை அவளிடமே நீட்டினேன். கொப்பியில் அவள் கீறிய முகத்துக்கு வாயே இல்லை.

யூலை 10, வியாழன்

போயா, பௌர்ணமி லீவு. கூடப்பிறந்த றிகாஸ் நானா ஓட்டோவில் எங்களைப் படகு ஜெற்றிக்குக் கொண்டுபோய் விட்டான். ஐஸ்கிறீம் பாதி முடிந்ததும் கேட்டேன், ஏன் முகத்துக்கு வாய் இல்லை என்று.

"வாய் இருந்தா சிரிக்கச் சொல்லுவீங்க."

சொல்கிறோம்தான். வெள்ளிக்கிழமை ராத்தா வீடியோவில் வந்தால் வீடே சொல்லும்: சிரி, இல்லாட்டி உம்மா அழுவா. நானா போனுக்குப் பின்னால் நின்று பல்லைக் காட்டுவான். நான் அவளுடைய கன்னத்தை ரெண்டு பக்கமும் இழுத்துவிடுவேன்.

"சரி, றுவைஸ் என்ன செஞ்சவன்?"

"ஒண்டும் செய்யல்ல. அவன்ட உம்மா இன்டர்வெலுக்கு அவனுக்கு வாயில சாப்பாடு தீத்த வந்தவ."

"அதுக்கா கடிச்ச?"

"ஓம்."

இதுக்கு நான் ஆரைப் போய் ஏச? கன்னத்தை இழுத்த கை என்ட கைதானே.

யூலை 11, வெள்ளி

காலையில் ரீச்சரிடம் எல்லாம் சொன்னேன். "கடிக்க வந்தா என்னட்ட வந்து சொல்லட்டும், கடிக்க வருது எண்டு," என்றார். இது ஒரு வைத்தியமா? சனூஸாவிடம் அப்படியே சொல்லிவிட்டேன்.

பின்நேரம் நானாவை வெளியே துரத்திவிட்டு, முதலில் நான் ராத்தாவோடு கதைத்தேன்.

"இண்டைக்கு அவளைச் சிரிக்கச் சொல்ல மாட்டன்."

"அப்ப புள்ள அழுதா?"

"அழட்டும். நீங்களும் அழுங்க. போன் கரையாது."

அவ்வளவு வீரமாகக் கதைத்தும் என்ன? போனைக் கண்டதும் சனூஸா பழக்கதோஷத்தில் பல்லைக் காட்டினாள். பத்து நிமிடமும் அதே பல்.

போச்சு.

யூலை 15, செவ்வாய்

ரீச்சர் கேற்றடியில் என்னைப் பிடித்தார். றுவைஸின் உம்மா இன்றைக்கும் சாப்பாட்டோடு வந்தாராம். சனூஸா நேராக ரீச்சரின் மேசைக்குப் போய், "ரீச்சர், கடிக்க வருது" என்றாளாம்.

"எவ்வளவு வருது?" என்று கேட்டாராம் அவர். இவள் ரெண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டு, அவருடைய கதிரைக்குப் பக்கத்திலேயே மணி அடிக்கும்வரை நின்றாளாம்.

றுவைஸின் கை முழுசாக இருக்கிறது.

யூலை 16, புதன்

முகத்துக்கு வாய் வந்துவிட்டது. கோணல் வாய். பல் ஒன்றும் இல்லை.

யூலை 18, வெள்ளி

ராத்தா வீடியோ கோல் எடுத்தாள். சனூஸா போனைப் பறித்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நானும் நானாவும் வெளியே. முதலில் சத்தமே இல்லை. பிறகு ஒரு அழுகை. பிறகு ரெண்டு அழுகை. நானா கதவில் கை வைத்தான். அவன் கையைத் தட்டிவிட்டேன்.

இருபது நிமிடம் கழித்து வெளியே வந்தாள். கண் வீங்கி, மூக்கு ஒழுகி. போனை என் கையில் தந்தாள்.

"சாச்சி, உம்மா இன்னும் அழுது முடியல்ல. நீங்க கொஞ்ச நேரம் வெச்சிருங்க."

செருப்பைப் போட்டுக்கொண்டு விளையாடப் போய்விட்டாள்.