பதினோராவது லேத்துக்குப் பொட்டு

26.10.2001, காலை 10.40 மணி. ஷெட்டில் பதினொரு லேத்துகள். பத்துக்குப் பூஜை முடிந்திருந்தது. மீதி ஒன்று என்னுடையது.

அன்புள்ள நைனாவுக்கு, ராஜ்கோட்டிலிருந்து ஞானசேகர் ஸ்தோத்திரத்தோடு எழுதுவது. நான் நலம். அம்மாவுக்கு மூட்டு வலி குறைந்ததா? நடவுக்குச் சேற்றில் இறங்க விடாதீர்கள்.

பயப்பட ஒன்றுமில்லை. இங்கே தசரா அன்று அவரவர் மெஷினுக்கு அவரவரே பொட்டு வைத்துக் கும்பிட வேண்டும். நான் லேத்தைத் துடைத்து ஆயில் விட்டேன், குங்குமத் தட்டை மட்டும் வாங்கவில்லை. ஃபோர்மேன் வேதகிரி அண்ணன் நம் பக்கத்து ஆள்தான். காதோரம் வந்து, “இன்னாடா, ஒரு பொட்டுக்கு உன் சாமி கோச்சிக்குமா? மேனேஜர் பாத்துக்கினு கீறாரு. திங்கக்கெழம உன்ன பர்மனென்ட் பண்ணணும்டா” என்றார்.

“முடியாதுண்ணே. வேற யாரையாவது வெக்கச் சொல்லு.”

அண்ணனே வைத்தார். மேனேஜர் பார்த்துவிட்டு ஆபீசுக்குள் போய்விட்டார். திங்கட்கிழமை பர்மனென்ட் ஆவேனா தெரியவில்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பொட்டில்லாத நெற்றியைப் பள்ளிக்கூடத்தில் கிண்டல் செய்கிறார்கள், என்ன செய்ய என்று தங்கச்சி பியூலா போன மாதம் எழுதியிருந்தாள். “ஸ்டிக்கர் பொட்டு வைத்துக்கொள், வீட்டுக்கு வருமுன் பிய்த்துப் போடு, யாருக்குத் தெரியும்?” என்று பதில் போட்டவன் நான்தான். தட்டு முன்னால் நின்றபோது அந்த வரிதான் குத்தியது.

இங்கே தமிழ் ஆராதனை இல்லை. பாட்டுப் புத்தகம் அனுப்புங்கள். தனியாகப் பாடினால் மூன்றாவது சரணம் மறந்துவிடுகிறது. சாப்பாட்டு நேரத்தில் இதை எழுதினேன், அது முடிந்து சங்கு ஊதிவிட்டது. இனி செய்யப்போவது:

1. திங்கட்கிழமை நானே போய் மேனேஜரைப் பார்ப்பேன்.
2. வேலை போனாலும் காரணத்தை மாற்றிச் சொல்ல மாட்டேன்.
3. நான் சொன்னது தப்பு என்று பியூலாவுக்குத் தனியாக எழுதுவேன். உங்களைக் கேட்கப் பயந்துதான் அவள் என்னைக் கேட்டாள். திட்டாதீர்கள், நைனா.