உங்கள் பேரில் ஒரு பிடி அரிசி

மயினி,

“விசுவாசம் இல்லாம போடுத அரிசிய ஆண்டவர் எடுத்துக்கிடுவாரா?” என்று ஒரு காலையில் என்னிடம் கேட்டீர்கள். மரச்சீனிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே, முகத்தைத் தூக்காமல் கேட்டீர்கள். அன்று நான் சொன்ன பதில் தவறு. அதை நாம் இருவரும் பேசித் திருத்திக்கொண்டோம் என்றாலும், எழுத்திலும் ஒருமுறை திருத்திவிட வேண்டும் என்று தோன்றுகிறது. முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளின் சிலேட்டைத் திருத்தியவளுக்கு இந்த ஆசை வராமல் இருக்குமா?

போன வாரம் உங்கள் மருமகள் மெர்சி கொட்டாரத்துக்கு என்னைப் பார்க்க வந்தாள். அருமனையிலிருந்து இரண்டு பஸ் மாறி, மடியில் வைத்த பொதியைக் கீழே வைக்காமலே வந்தாளாம். பழைய துவர்த்துத் துண்டு ஒன்றில் சுற்றியிருந்தது உங்கள் பிடியரிசிக் கலயம். மூடியைத் திறந்தேன். பழைய அரிசியும் காய்ந்த வேப்பிலையும் சேர்ந்த அந்த வாசனை வந்தது. நான் கலயத்தை மூடினேன். மெர்சி ஒரு செய்தியும் கொண்டுவந்தாள். அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

பிடியரிசி என்றால் இப்போது சபையில் பெயர் மட்டும் இருக்கிறது. பல வீடுகளில் மாதத்துக்கு ஒருமுறை பையில் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். நம் அடுக்களையில் அதற்கு ஒரு முறை இருந்தது. அரிசிப் பானையிலிருந்து எடுக்கக் கூடாது. வீட்டுக்கு இவ்வளவு என்று நாழியில் அளந்து வைத்த பிறகு, அந்த அளந்த அரிசியிலிருந்துதான் ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட வேண்டும். எடுத்ததற்கு ஈடாகத் திரும்பப் பானையில் கை வைக்கவும் கூடாது. ஆகவே அன்று எல்லாருடைய கஞ்சியிலும் கொஞ்சம் குறையும். அந்தக் குறைவுதான் காணிக்கை. சனிக்கிழமை சபையிலிருந்து ஞானம்மா ஓலைப்பெட்டியோடு வீடு வீடாக வந்து வாங்கிப் போவாள். சபையில் பார்க்க ஆளில்லாத முதியவர்களுக்கு அது கஞ்சியாகும்.

நீங்கள் அண்ணனைக் கட்டி நம் வீட்டுக்கு வந்த வருஷங்கள், நாடு சுதந்திரம் அடைந்ததை ஒட்டிய வருஷங்கள். அரிசி ரேஷனில் வந்தது, பாதி கல். வாரத்தில் நான்கு நாள் மரச்சீனிதான். அரிசி அளக்காத நாளில் கலயத்தில் எதைப் போடுவது? வேறு வீடுகளில் அந்த நாளை விட்டுவிட்டார்கள். நீங்கள் உலர்ந்த கிழங்கில் ஒரு துண்டு போட்டீர்கள். ஞானம்மா கலயத்தைக் கவிழ்க்கும்போது துண்டுகள் பெட்டியில் டொக் டொக்கென்று விழும்.

“இது என்ன பெண்ணே, ஆண்டவருக்குப் பல்லு அவ்வளவு நல்லா இருக்குன்னு ஆரு சொன்னா?” என்பாள்.

“நாங்க கடிக்கத கிழங்குதான். அவருக்கும் கொஞ்சம் பழகட்டு” என்பீர்கள் நீங்கள்.

உங்களுக்கும் எனக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சம்பளம் வாங்கும் நாத்தனார் என்று மற்ற வீடுகளில் ஒதுங்கிப் போவார்கள். நீங்கள் வந்த மறுநாளே என் கையில் கிழங்கையும் கத்தியையும் தந்து உட்கார வைத்துவிட்டீர்கள்.

பிறகு சாராள் பிறந்தாள். அவளைப் பற்றி உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. மூன்றரை வயதில் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் செய்யக்கூடியதெல்லாம் செய்தார்கள். நான் பள்ளிக்கு லீவு போட்டு, கட்டிலின் பக்கத்தில் முழங்கால் போட்டு ஜெபித்தேன். எழுந்தபோது எனக்குள் ஒரு பெரிய அமைதி இருந்தது. அதை நம்பி உங்களிடம் சொன்னேன்: “பயப்படாதீங்க மயினி. பிள்ளைக்குச் சுகமாகும். எனக்கு உறுதி கிடைச்சாச்சு.”

மூன்றாம் நாள் நண்பகலில் சாராள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து வந்த பிறகு எனக்கு ஜெபம் வரவில்லை. கோபம்கூட இல்லை. கோபமிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். கிணற்றில் வாளியை விட்டு, தண்ணீரின் சத்தத்துக்காகக் காத்திருந்து, கயிறு முழுவதும் இறங்கியும் சத்தம் கேட்காத மாதிரி. இதை யாரிடம் சொல்வது? ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓய்வுநாள் பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று ஜெபம் சொல்லிக்கொடுத்தேன். வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதுபோலச் சொன்னேன். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு என் பின்னால் சொன்னார்கள். அவர்களைப் பார்க்க எனக்குக் கூசியது. இது ஏமாற்று, இதை விட்டுவிட வேண்டும், சபைக்கும் இனிப் போகக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டிருந்தேன். என்ன காரணம் சொல்வது என்று தெரியாததால் மட்டும் நாள் தள்ளிக்கொண்டு போனது.

அந்த நாட்களில் உங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். பெற்றவள் நீங்கள். ஆனாலும் காலையில் நாழி நிறையும். உங்கள் கை அதிலிருந்து ஒரு பிடி எடுக்கும். கலயத்தில் அரிசி விழும் சத்தம் தவறாமல் கேட்கும். இவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் எல்லாம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

அப்போதுதான் அந்தக் கேள்வி. நீங்கள் என்னைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். விசுவாசம் இல்லாமல் வேதபாடம் நடத்துகிறவளைத்தான் சுற்றி வளைத்துக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். என்னையே அடித்துக்கொள்ள ஒரு பிரம்பு வேண்டியிருந்தது.

“எடுக்க மாட்டார் மயினி. மனசு இல்லாம குடுக்கதுல என்ன இருக்கு?” என்றேன்.

நீங்கள் “சரி” என்றீர்கள். கிழங்கைக் கழுவ எழுந்து போனீர்கள்.

மறுநாள் காலையில் அரிசி விழும் சத்தம் கேட்கவில்லை. அடுக்களையில் எட்டிப் பார்த்தேன். கலயத்தைக் கழுவித் துடைத்து, பலகைமேல் கவிழ்த்து வைத்திருந்தீர்கள். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. சனிக்கிழமை ஞானம்மா வந்து நின்றாள். இல்லை என்று நீங்கள் சொன்னதை உள்ளேயிருந்து கேட்டேன்.

“கிழங்குத் துண்டுகூட இல்லியா? உங்க வீட்டுல இப்ப ராஜாவுக்க சாப்பாடோ?” என்று கேட்டுவிட்டு, நீங்கள் திருப்பி ஒன்றும் சொல்லாததால் அவளே பயந்துபோய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அந்த ஞாயிறு தலைவலி என்றீர்கள். அடுத்த ஞாயிறு துணி துவைக்க வேண்டும் என்றீர்கள். மூன்றாவது ஞாயிறு யாரும் உங்களைக் கேட்கவில்லை. அண்ணன் என்னைத் தனியே அழைத்து, “உனக்க மயினிக்கு என்னட்டி ஆச்சு?” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் என்னைப் பற்றிக் கேட்கவே இல்லை. பிள்ளையை அடக்கம் செய்த நாளிலிருந்து விசுவாசம் போய், வெறும் கைப்பழக்கத்தில் அரிசி போட்டுக்கொண்டிருந்தவர் நீங்கள். படித்தவள், வேதபாடம் நடத்துகிறவள் என்று என்னிடம் கேட்டீர்கள். உங்களை ஆண்டவரோடு கட்டியிருந்த ஒரே கயிற்றை நான்தான் அறுத்திருக்கிறேன்.

மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்ட ஒரு நாள், அடுக்களைக்கு வந்து உங்கள் எதிரே உட்கார்ந்தேன். சுளவில் ரேஷன் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள். நானும் பொறுக்கினேன்.

“மயினி, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு.”

“நீ டீச்சர். தப்பாச் சொல்லுவியா?”

“எனக்கே இல்ல மயினி.”

“என்ன இல்ல?”

“நீங்க கேட்டது. சாராள் போனதுக்குப் பொறவு எனக்கு ஜெபம் வரல.”

கல்லா அரிசியா என்று தேடிய உங்கள் விரல் நின்றது.

“ஏட்டி, அப்போ ஞாயித்துக்கிழமை பிள்ளைகளுக்கு முன்னால நின்னு சொல்லுதியே?”

“வாய் சொல்லுது.”

“எனக்குக் கை போட்டுது” என்றீர்கள். பிறகு சிரித்தீர்கள். சாராள் போன பிறகு முதல்முறையாகச் சிரித்தீர்கள். “நல்ல வீடு போ. ஒருத்திக்கு வாய் மட்டும். ஒருத்திக்குக் கை மட்டும்.”

நான் அழுதேன். உறுதி கிடைத்தது என்று சொல்லி உங்களை ஏமாற்றினேனே என்றேன். அதற்கு நீங்கள் சொன்னதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. “நீ அப்படிச் சொன்னதுனாலதான் எனக்கு மூணு நாள் கஞ்சி எறங்கிச்சு. அத விடு மக்கா.”

அந்த ஒரு வார்த்தையில் என் நெஞ்சிலிருந்து எவ்வளவு பாரம் இறங்கியது என்று உங்களுக்குத் தெரிந்திருக்குமோ தெரியாது. மழையின் சத்தம்கூட அப்போதுதான் காதில் விழுந்தது.

பிறகு ஒரு கேள்வி கேட்டீர்கள். “உனக்க வகுப்புல ஒறங்குத பிள்ளைக்கு என்ன போடுவ? வந்தான்னா, வரலன்னா?”

“வந்தான்னுதான் போடணும். ஒறங்கினாலும் வந்திருக்கான்லா.”

“அப்போ நாம வந்தாச்சு” என்றீர்கள்.

ஆனாலும் நீங்கள் கலயத்தை உடனே நிமிர்த்தவில்லை. “எனக்காகப் போட எனக்குக் கை வரல” என்றீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, “உனக்காகன்னா போடுவேன். உனக்கு அவர் வேணும்” என்றீர்கள். எனக்கும் அப்படியே இருந்தது. எனக்காக ஒரு வார்த்தை கேட்க முடியாதவள், உங்களுக்காகக் கேட்கலாம் என்று நினைத்தபோது நாக்கு புரண்டது. அன்று முதல் காலை அரிசியில் நீங்கள் என் பேரில் ஒரு பிடி எடுத்தீர்கள். மாலை அரிசியில் நான் உங்கள் பேரில். சனிக்கிழமை ஞானம்மா கலயத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “கனமால்லா இருக்கு” என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கும் நிம்மதி.

நம் ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். முந்தின நாள் திருவிதாங்கூர்-கொச்சியில் படுத்து, மறுநாள் தமிழ்நாட்டில் எழுந்தோம். பள்ளியில் மிட்டாய் கொடுத்தோம். அப்படித் தேதி சொல்லும்படி எனக்கு விசுவாசம் திரும்பி வரவில்லை. மணலில் எழுதப் பழகும் பிள்ளையைப் போலத்தான் வந்தது. விரல் நூறுமுறை போய் வரும். என்றைக்கு எழுத்து தன்னுடையதாயிற்று என்று பிள்ளைக்குத் தெரியாது. நீங்கள் இரண்டாம் முறை கர்ப்பமாக இருந்தீர்கள். ஒரு மாலை நாழியைக் கையில் வைத்துக்கொண்டு, மயினிக்கு இது நல்லபடியாக முடியட்டும், முடியாவிட்டாலும் நீர் அவளை விட்டுவிடாதேயும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அரிசி விழுந்த பிறகுதான், நான் ஜெபித்திருக்கிறேன் என்று தெரிந்தது. இந்த முறை எந்த உறுதியும் கிடைக்கவில்லை. நான் தேடவும் இல்லை. தேவதாஸ் பிறந்தான்.

நான் கல்யாணமாகிக் கொட்டாரத்துக்கு வந்தேன். இங்கும் என் அடுக்களையில் ஒரு கலயம் வைத்தேன். அங்கே உங்களுடையது இருந்தது. வருஷங்கள் போயின. நல்ல காலமும் வந்தது, வறண்ட காலமும் வந்தது. வறண்டபோதெல்லாம், அருமனைப் பக்கத்தில் ஒருத்தி இன்று காலை என் பேரில் ஒரு பிடி போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு சபைக்குப் புறப்படுவேன். பெரிய சாட்சி எதுவும் சொல்ல என்னிடம் இல்லை. தொடர்ந்து போனேன், அவ்வளவுதான். போகவைத்தது நீங்கள்.

உங்கள் அடக்கம் முடிந்து திரும்பிய மறுநாள் காலை அரிசி அளந்தேன். கை ஒரு பிடி எடுத்தது. பிறகு அப்படியே நின்றது. உங்களுக்கு இனி என் பிடி எதற்கு? பார்க்க வேண்டியவரை நீங்கள் பார்த்தாயிற்று. எனக்கு இனி யார் போடுவார்கள்? இந்த வயதில் ஒரு நாள் வாளி சத்தமில்லாமல் இறங்கினால் என்ன செய்வேன்? பயமாக இருந்தது மயினி. அந்தப் பிடியை நாழியிலேயே திரும்பக் கொட்டினேன். இரண்டு வாரம் அப்படியே போயிற்று.

போன வாரம் மெர்சி கலயத்தை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: “டீச்சரத்தை, இது உங்களுக்குத் தரச் சொன்னாவ. நான் எனக்குப் புதுசா ஒண்ணு வாங்கிட்டேன். உங்க பேருக்குள்ளத இனி நான்தான் போடணும்னு கிடையில கிடந்து மூணு தடவை சொன்னாவ. மறந்துராதன்னாவ. அடக்கம் முடிஞ்ச மறுநாளே போட்டாச்சு.”

அடக்கம் முடிந்த மறுநாள். நான் கையிலிருந்த அரிசியைத் திரும்பக் கொட்டிய அதே காலை. இங்கே நான் பயந்துகொண்டிருந்தபோது, அங்கே எனக்கு வருகை போட்டாகிவிட்டது.

மெர்சியை வெறுமனே அனுப்பவில்லை, அவள் பாட்டையும் கேட்டேன். உங்கள் பேரன் போக்கு சரியில்லை என்றும், அவனுக்காக ஜெபிக்க உட்கார்ந்தால் அழுகைதான் வருகிறது, வார்த்தை வரவில்லை என்றும் சொன்னாள். மறுநாள் காலை உங்கள் கலயத்தில் முதல் பிடியை அவள் பேரில் போட்டேன். சத்தம் பழைய சத்தம்தான்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான் மயினி: எடுத்துக்கொள்வார். எடுத்துக்கொண்டார்.

உங்களுக்கு எழுதியதை வேறு யாராவது வாசிக்க நேர்ந்தால், அவர்களுக்கு ஒன்று: இன்று அரிசி அளந்த பிறகு, இப்போது ஜெபிக்க முடியாதிருக்கும் ஒருவருடைய பேரைச் சொல்லி, அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியே வையுங்கள்.