ஆறு மணிக் கதவு

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் பட்டு டம்ளரை நீட்டி, "நீங்க யாராத்துலேர்ந்து வரேள்?" என்று கேட்டாள். இந்த ஆத்துலேர்ந்துதான் என்றேன். கல்யாணமான புதிதில்கூட எனக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

ஆனால் சாயங்காலம் ஆறு மணி, விளக்கேற்றும் நேரம் வந்தால் அவளுக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே உள்ள வெள்ளைப் பெட்டியிலிருந்து திரியை எடுப்பாள். கொல்லைக் கதவைச் சாத்துவாள். வாசல் கதவை அகலத் திறப்பாள். லக்ஷ்மி வாசல் வழியாக வர வேண்டும், வந்தவள் கொல்லை வழியாகப் போய்விடக் கூடாது. பிறகுதான் விளக்கு. என் பெயர், மகள் இருக்கும் ஊர் எல்லாம் போயாச்சு. இது மட்டும் போகவில்லை. நான் அப்போது மொட்டை மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பேன். எண்ணெய் வாசனை வந்தால் ஏற்றிவிட்டாள் என்று அர்த்தம்.

பிப்ரவரி 6, வியாழன்

நான் குளித்துவிட்டு வருவதற்குள் பட்டுவைக் காணோம். கேம்ப் ரோடு, தாம்பரம் ஸ்டேஷன், எங்கும் இல்லை. மத்தியானம் ஒரு போன். அவள் கைப்பையில் நான் ஒட்டிவைத்த நம்பரைப் பார்த்து, கோவளத்தில் மீன் விற்கும் பியூலா என்ற அம்மாள் பேசினாள். "சார், உங்க வூட்டம்மா இங்கதான் குந்திகினு கீறாங்க. பயப்படாத சார், டீ வாங்கிக் குட்த்துக்கீறேன்."

பஸ் ஏறிப் போயிருக்கிறாள். மீன் என்றாலே மூக்கைப் பொத்துகிறவள், கூடைகளுக்கு நடுவே அந்த அம்மாள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் கையை நான் விடவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து நித்யஸ்ரீ போன் செய்தாள். மகள் அழுதால் எனக்கு எதுவும் ஓடாது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா அம்மாவை ஹோம்ல சேர்த்துடலாம்ப்பா. ப்ளீஸ்." பெருங்களத்தூர் பக்கம் ஒரு இடமும் பார்த்து வைத்திருக்கிறாள்.

பூட்டி வையுங்களேன் என்கிறாள் பக்கத்து வீட்டு ஸ்ரீவித்யா. ஒரு நாள் பூட்டினேன். கதவை அறைந்து அறைந்து பட்டுவின் உள்ளங்கை வீங்கிவிட்டது. பூட்டவும் முடியாது, அனுப்பவும் முடியாது. நான் இருக்கும்வரை முடியாது.

பிப்ரவரி 10, திங்கள்

இந்த வீட்டைக் கட்டிய பில்டர், ஒவ்வொரு கதவுக்கும் ஜன்னலுக்கும் சுவருக்குள்ளேயே அலாரம் ஒயர் இழுத்து, மாடிப்படிக்குக் கீழே அந்த வெள்ளைப் பெட்டியில் முடித்து வைத்திருந்தார். நாங்கள் அலாரம் வாங்கவேயில்லை. திரி வைக்க இடம் கிடைத்தது என்றாள் பட்டு. இப்போது அந்த ஒயருக்கு வேலை வந்திருக்கிறது.

கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒட்டிவைக்கிற ரகம் ஒன்று, பேட்டரி தீர்ந்தால் ஊமை. கேமரா வைத்தது ஒன்று. பட்டு புடவையைச் சரியாகக் கட்டிக்கொள்ளத் தெரியாமல் நிற்பதை நித்யா போனில் பார்ப்பதா? வேண்டாம். எல்லோரும் திருடனைப் பற்றியே பேசுகிறார்கள். உள்ளேயிருந்து திறந்தால் அடிக்குமா என்று கேட்டேன். "உள்ளேருந்து எந்தத் திருடன் சார் வரப்போறான்?" என்று சிரித்தார் ஒருவர். அவரிடம் வாங்கவில்லை.

பிப்ரவரி 15, சனி

பொழிச்சலூர்க் கடையிலிருந்து ஆஸ்டின் என்ற பையன் வந்து அந்த வெள்ளைப் பெட்டிக்குள் அலாரத்தைப் பொருத்தினான். பெட்டிக்குள்ளிருந்த திரிப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்தான், பூஜை அலமாரியில் வைத்தேன். எந்தக் கதவு திறந்தாலும் இங்கே சத்தம் வரும், நித்யாவின் போனிலும் தெரியும்.

"சார், டிங்-டாங்னு மெல்லிசா வெச்சுக்கலாம். இல்லன்னா சைரன். எது போடட்டும்?"

மறைமலை நகரில் காலமெல்லாம் தரப் பரிசோதனை பார்த்தவன் நான். ஷவரைத் திறந்துவிட்டு உள்ளே நின்று கேட்டேன். டிங்-டாங் காதில் விழவில்லை. சைரன் என்றேன். பட்டு பயந்துவிடக் கூடாதென்று அவளை ஸ்ரீவித்யா வீட்டில் உட்கார வைத்துவிட்டு, கதவு கதவாக, ஜன்னல் ஜன்னலாகச் சோதித்தேன். எல்லாம் பாஸ்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நேற்று சாயங்காலம். மாடியில் இருந்தேன். சைரன்.

ஓடி இறங்கினேன். வாசல் கதவு அகலத் திறந்து கிடந்தது. கொல்லைக் கதவு சாத்தியிருந்தது, அதற்குத் தாழ்ப்பாளும் போட்டிருந்தாள். பட்டு மாடிப்படிக்குக் கீழே சுவரோடு ஒண்டிக்கொண்டு, காதைப் பொத்திக்கொண்டு—

"நான் ஒண்ணும் எடுக்கலை சார். திரிதான் தேடினேன். சத்தியமா ஒண்ணும் எடுக்கலை."

அவள் வீட்டில். அவள் பார்த்துப் பார்த்து வாங்கின வீட்டில்.

எல்லாக் கதவையும் சோதிச்சியே, ஆறு மணியைச் சோதிச்சியாடா? தினம் தினம் திறக்கறாளே, உனக்குத் தெரியாதா? வாசனை மட்டும் தெரியும். கிழட்டு முட்டாள்.

விளக்கு ஏற்றவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

ஆஸ்டினைக் கூப்பிட்டு டிங்-டாங் ஆக்கினேன். நான் குளிக்கிற நேரம் தான் வந்து உட்கார்ந்துகொள்வதாக ஸ்ரீவித்யா சொன்னாள். "இதுக்கென்ன மாமா, மொதல்லயே கேட்டிருக்கலாமே." கேட்டிருக்கலாம். ஒயரை நம்பத் தெரிந்த எனக்கு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டத் தோன்றவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

ஆறு மணிக்குப் பட்டு படுக்கையறையை விட்டு வரவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

பெட்டிக்கு மேலேயே ஒரு சின்னத் தட்டு அடித்து, திரிப் பொட்டலத்தை அங்கே வைத்தேன். காட்டினேன். பார்த்தாள். கையில் கொடுத்தேன். "இது யாரோடது? எடுத்த எடத்துல வெச்சுடுங்கோ, கேப்பா" என்றாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள், எனக்காகப் பயந்து.

இப்போதெல்லாம் வாசல் பக்கமே போவதில்லை. தண்ணீர் குடிக்கக்கூட என்னிடம் கேட்டுவிட்டுத்தான் குடிக்கிறாள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

செடிகளைக் காலைக்கு மாற்றிக்கொண்டேன். சாயங்காலம் கொல்லைக் கதவைச் சாத்தி, வாசலைத் திறந்து, நானே விளக்கேற்றினேன். திரி சரியாக நிற்கவில்லை. பட்டு கட்டிலில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

நித்யா பேசினாள். குரலில் தெளிவு வந்திருக்கிறது. ஹோம் பற்றிப் பேச்சே இல்லை.

"அப்பா, தினமும் போன்ல பாக்கறேன். அம்மா எங்கயும் தப்பிச்சுப் போகலை. ஆறு மணிக்கு மட்டும் கரெக்டா வாசக்கதவு திறக்கறது. அம்மாதானே? பாத்தியா, விளக்கேத்தறது மட்டும் மறக்கவேயில்லை அவளுக்கு. அதைப் பாத்துட்டுத்தான் தூங்கப்போறேன்."

ஆமாம்மா, அம்மாதான் என்றேன்.

திரி தீர்ந்துவிட்டது. நாளைக்கு வாங்க வேண்டும்.