செல்லச்சாமி சொன்ன விதி

சிவகாசி
ஆகஸ்ட் 4

அன்பு மகள் கீர்த்திகாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டால் எனக்குச் சொல்ல வராது, அதனால்தான்.

நீ எழுதும் டிவி தொடரை அம்மா ஒருநாளும் விடுவதில்லை. அதில் மூத்த மருமகள் லாரியில் அடிபட்டுச் செத்த அன்று இவள் சாப்பிடவே இல்லை. ஜோசியர் முன்னாலேயே சொன்னாரே, விதியை யார் மாற்ற முடியும் என்று தெருவே பேசியது. அந்த நடிகை வேறு கம்பெனிக்குப் போகிறாள் என்று தெரிந்ததும் நீங்கள் உட்கார்ந்து பேசி அவளைச் சாகடிக்க முடிவு செய்தீர்கள், அதன் பிறகுதான் ஒரு ஜோசியரை நுழைத்தீர்கள் என்று நீ எனக்குச் சொல்லியிருந்தாய். கேட்டுவிட்டுச் சிரித்தேன்.

நம் விஸ்வநத்தம் பட்டாசு ஆலையில் நடந்ததைப் பற்றி உனக்குத் தெரிந்தது பேப்பரில் வந்தது மட்டும்தான். மூன்று பேருக்குக் காயம், எம். புதுப்பட்டி சொர்ணலட்சுமி இறந்துபோனாள். மிச்சத்தை நான் சொல்கிறேன். தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரித்தது. நாலு பேர் இருக்கவேண்டிய அறையில் ஏழு பேரை உட்காரச் சொன்னேன். சொர்ணலட்சுமி வாசலிலேயே நின்று, "இம்புட்டுப் பேரு இருந்தா மருந்து அடைக்கப் பயமா இருக்கு மொதலாளி, நான் நாளைக்கு வாரேன்" என்றாள். இன்றைக்குப் போனால் நாளைக்கு வரவேண்டாம் என்றேன். உள்ளே போய் உட்கார்ந்தாள். பதினொன்றரைக்கு வெடித்தது.

துக்கம் கேட்கப் போனேன். அவள் புருஷன் செல்லச்சாமி என் கையைப் பிடித்துக்கொண்டு எனக்கு ஆறுதல் சொன்னார். "டிவியில அந்த மூத்த மருமகளுக்கு நடந்ததப் பாத்தீகள்ல. விதி வந்துட்டா யாரு என்ன செய்ய? நீங்க மனச விட்றாதீக" என்றார். நானும் தலையாட்டினேன். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது கீர்த்திகா. அதை நினைத்தால் இப்போது உடம்பே கூசுகிறது.

அடுத்த வியாழக்கிழமை விசாரணை. எதிர்பாராத விபத்து என்று வக்கீல் எழுதிவந்து கையெழுத்துக் கேட்கிறார். நான் போடப்போவதில்லை. நடந்ததை அப்படியே சொல்லப்போகிறேன். லைசென்ஸ் போகும், உள்ளேயும் வைப்பார்கள். உன்மேல் பழி போட இதை எழுதவில்லை. உங்கள் கதையில் செத்தவள் இன்றைக்கு வேறு சேனலில் நடித்துக்கொண்டிருக்கிறாள்.

விசாரணைக்கு முந்தின நாள் செல்லச்சாமியைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். நீ லீவு போட்டுவிட்டு வா. அவர் என்னை அடிக்க வந்தால் தடுக்காதே. ஆனால் அவர் அடிக்கிற மனுஷன் இல்லை. நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகும், விதிதான் மொதலாளி என்று சொல்லிவிடுவார். நான் மறுபடியும் தலையாட்டிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அந்த நேரத்தில் நீ என் பக்கத்தில் நிற்க வேண்டும்.

நீ நன்றாக இருக்க வேண்டும் அம்மா.

உன் அப்பா,
ஜெயச்சந்திரன்