முட்டி அளவுக்குத் தட்டிய பெட்ரோல் டேங்க்

அன்பு மகள் கினாந்திக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நாகோயாவில் குளிர் விட்டதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன், ஏனென்றால் கீழே எழுதப் போவதை எழுத ஆரம்பித்தால் நலம் விசாரிக்கிற நிதானம் எனக்கு இருக்காது. இந்தப் பெருநாளுக்கும் நீ வரவில்லை என்று ஆகிவிட்டது, சரி, அதைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம். முதலில் எதிர்வீட்டு டோகர் செய்த காரியத்தைக் கேள்.

உனக்காக நான் கட்டிக்கொண்டிருக்கும் பழைய ஒற்றை சிலிண்டர் வண்டிக்கு எந்தச் சாமானும் கடையில் கிடைக்காது என்று உனக்குத் தெரியும், சக்கரத்துக்கான புஷ்ஷிலிருந்து கிக்கர் வரைக்கும் நானே லேத்தில் போட்டுக் கடைந்தது, கிக்கரைக்கூட உன் குட்டைக் காலுக்கு எட்டுகிற மாதிரி இரண்டு விரல் குறைத்திருக்கிறேன். பெட்ரோல் டேங்குக்குத்தான் மூன்று மாதம் ஆனது. பலாக்கட்டையில் அச்சு செதுக்கி, மணல் மூட்டை மேல் தகட்டை வைத்துத் தட்டித் தட்டி, நீ நூல் பிடித்து அனுப்பினாயே முட்டி அளவு, அதற்குச் சரியாக இரண்டு பக்கமும் குழிவு எடுத்தேன். தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், ஒரு சொட்டு கசியவில்லை. அன்றைக்கென்று சுமத்ராவில் மேடானிலிருந்து எதிர்வீட்டுக்குக் குடிவந்திருக்கும் டோகர் சிம்போலோன் வந்து, தடவித் தடவிப் பார்த்து, இவ்வளவு அழகான டேங்கை நான் பார்த்ததே இல்லை என்றார். நான் என்ன சொல்வேன், நம் ஜாவாக்காரன் எவனும் சொல்வதைத்தான் சொன்னேன், பிடித்திருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள் என்று. ஐயோ, வேண்டாம் என்று அவர் சொல்ல வேண்டும், நான் இன்னொரு தடவை சொல்ல வேண்டும், இரண்டு பேரும் சிரித்துவிட்டு டீ குடிக்க வேண்டும், அதுதானே முறை? அந்த மனிதர் ரொம்ப நன்றி என்று சொல்லித் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்! என் வாய் இருக்கிறதே, அது அப்போதும் அடங்கவில்லை, மூடியை மறந்துவிட்டீர்களே என்று நான் கடைந்த பித்தளை மூடியையும் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள், சாயங்காலம் வரை சிரித்தாள்.

அப்புறம் மூன்று தடவை அவர் வீட்டுக்குப் போனேன். மழை வருகிறது, பெயின்ட் அடிக்காத இரும்பு துருப்பிடித்துவிடுமே என்றேன், எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன் என்றார். வண்டி டேங்க் இல்லாமல் மொட்டையாக நிற்கிறது என்றேன், உங்களுக்கு இன்னொன்று செய்ய எவ்வளவு நேரமாகும் என்றார். மூன்றாவது தடவை நோன்பு திறந்த பிறகு போனேன், சூடாக வாழைப்பழ பஜ்ஜி கொடுத்து உட்காரவைத்தார், நிமிர்ந்தால் டிவிக்கு மேலே சுவரில் மாட்டியிருக்கிறது, என் டேங்க், மான் கொம்பு மாட்டுகிற மாதிரி! அவருடைய தடி முட்டிக்கு அது எந்த ஜென்மத்திலும் பொருந்தாது. பஜ்ஜி ரொம்ப ருசி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன், எனக்கு வெட்கமே கிடையாது. நேற்று உன் அம்மா செருப்பை எடுத்து என் காலடியில் போட்டு, கேட்டு வாங்காமல் உள்ளே வரக் கூடாது என்றாள். போனேன், வாசலில் நின்றபடியே, அது என் மகளுக்குச் செய்தது, திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். காது இரண்டும் எரிந்தது. அவர் கோபப்படவே இல்லை, உடனே ஸ்டூல் போட்டு ஏறி இறக்கி, கைலியால் துடைத்தார். "இதைக் கேட்கவா அண்ணே நாலு தடவை நடந்தீங்க? வேணும்னா வேணும்னு சொல்ல வேண்டியதுதானே. நீங்க சொன்னதை நம்பித்தானே எடுத்துட்டுப் போனேன்" என்றார். அவரே சுமந்துகொண்டு வந்து வண்டியில் மாட்டவும் செய்தார், அச்சாக உட்கார்ந்தது.

ராத்திரி எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் உன் மேல் திரும்பிவிட்டது. நோன்பு தொடங்கிய அன்று போனில், பெருநாளுக்கு வரட்டுமாப்பா என்று கேட்டாய். வேண்டாம்மா, வேலைதான் முக்கியம், எங்களுக்காகச் சிரமப்படாதே என்றேன். சரிப்பா என்று வைத்துவிட்டாய்! போன வருஷமும் இதேதான். டோகர் வெளியூர்க்காரர், அவருக்குத் தெரியாது. நீ இந்த வீட்டில் பிறந்தவள்தானே, அப்பா வேண்டாம் என்றால் இரண்டாவது தடவை கேட்க வேண்டும் என்று உனக்குமா தெரியாது? இல்லை, தெரிந்தே சரி என்றாயா?

சரி, வேண்டும் என்று நேராகச் சொல்ல நேற்றுதான் பழகிக்கொண்டேன், மறுபடியும் சொல்கிறேன். வா. பெருநாளுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. நீ வர வேண்டும், எனக்கு வேண்டும்.

இறைவன் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், அம்மாவின் ஆசீர்வாதமும் உனக்கு. வருவதற்கு முன்னால் முட்டியை மறுபடியும் அளந்து எழுது, அங்கே போய்ப் பருத்திருந்தால் மறுபடியும் தட்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா வாகிமின்